செவுள் காட்டும் மீன்காரம்மா

எங்கோ ஒரு தீவின் பக்கம் பூமி அதிர்ந்து, மரக்காணம் கரை வரை அலை வந்து ஆட்களை இழுத்துப் போன மறு மாதம் அது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் யாரும் கடல் மீன் வாங்கவில்லை. பிணம் தின்ற மீன் என்றார்கள்.

அப்போதும் மீன்காரம்மா கூடையோடு வந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நாம் கேட்பதற்கு முன்பே கட்டைவிரலால் மீனின் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவது அவர் பழக்கம்.

பக்கத்து வீட்டுக்காரி வம்புக்கு நின்றாள். "நீ தின்றியா, சொல்லு. அப்பால நான் வாங்கிக்கிறேன்."

"தின்னாம? நேத்து கூட சங்கரா கொழம்புதான், யக்கா."

அவள் சிரித்தபடி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்குப் போடும்போது மீன்காரம்மா செவுளைக் காட்டவில்லை. குனிந்தபடியே மெதுவாகப் பேசினார். "எங்க வூட்டுக்காரர அலை இஸ்துக்கினு போச்சும்மா. இன்னும் கெடைக்கல. நான் எப்படி மீன் தின்றது? புள்ளைங்க கீதுங்க, வித்துதான் ஆவணும்."

மீனை வாங்கிக்கொண்டேன்.

எதுவும் கேட்காத என்னிடம் அதை ஏன் சொன்னார் என்று இன்றும் தெரியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, நெற்றியில் அந்தக் குங்குமம் வழக்கம்போலப் பெரிதாகவே இருந்தது.