கால் மேல் போட்ட பழி

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். என் கணவர் செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்புகளுக்கு ஜவுளி கொண்டுபோய் விற்பவர். அதற்காக, ஊருக்குக் கிளம்பிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கியிருந்தார். ஜீப்பைவிடப் பெரியது, லாரியைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அது எங்கள் தெருவுக்குள் திரும்பினால் பழக்கடைக்காரர்கள் கூடைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, "வண்டியை வித்துடு. இனிமே நான் ஓட்டுவேன்னு தோணலை" என்றார். ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக எடுத்தால் குணமாகிவிடும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இவர் ஏன் இப்படி மனசு விட்டுப்போய்ப் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வண்டி போனால் இவருடைய நம்பிக்கையும் அதோடு போய்விடும் என்பது மட்டும் புரிந்தது. விற்க மாட்டேன், நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். பிடிவாதத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

சொல்லிக்கொடுத்தவர் என் கொழுந்தனார். துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர். வண்டியில் ஓட்டுகிறவர் இருக்கை என் கணவரின் எடைக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதில் நான் உட்கார்ந்தால் ரோடு தெரியாது. தலையணை வைத்துக்கொண்டேன். அவர் உட்கார்ந்த இடத்தை மூடுகிறோமே என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஓட்டி முடித்ததும் முதல் வேலையாகத் தலையணையை எடுத்துவிடுவேன்.

கிளட்ச், கியர் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. பிரேக்தான் வரவில்லை. கருங்கல்லை மிதிப்பதுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தேன், கேன்வாஸ் ஷூ போட்டு மிதித்தேன், கடைசியில் இரண்டு காலாலும் மிதித்தேன். கொழுந்தனார் மிதித்தால் வண்டி நின்றது. "பிரேக்ல ஒண்ணுமில்ல அண்ணி. உங்க கால்லதான் பலம் இல்ல" என்பார். பக்கத்துத் தெருவில் கார் பட்டறை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவரை எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். அவர் பிரேக் கட்டைகளை மாற்றினார், எண்ணெயை மாற்றினார், ஓட்டியும் பார்த்தார். "வண்டி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. பொம்பளை காலுக்கு இது ஆகாது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

நானும் நம்பிவிட்டேன். தினமும் பச்சை முட்டை குடித்தேன். வாந்தி வந்ததுதான் மிச்சம். லைசென்ஸ் டெஸ்டில் திடீரென்று நிறுத்தச் சொன்னபோது வண்டி கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. ஃபெயில்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொழுந்தனார் வண்டியை ஓட்ட, நானும் பிள்ளைகள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வண்டியை அவருடைய வார்டுக்குக் கீழே மரத்தடியில் நிறுத்தினால், இரண்டும் இன்ஜின் மூடியின்மேல் ஏறி நின்று கையாட்டும். மாடி வராந்தாவிலிருந்து அவரும் ஆட்டுவார். ஏழு மாதமாக அவர்களுக்கு அப்பா என்றால் அந்த உயரத்தில் ஆடும் ஒரு கைதான். நான் மேலே போய், வண்டி நன்றாக ஓடுகிறது, நானும் நன்றாக ஓட்டுகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வருவேன். நோயாளியிடம் கவலையைச் சொல்லக்கூடாது அல்லவா?

ஒரு சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நான் ஓட்டிப் பழகும்போது ஒரு டிரைஷா, அதாவது சைக்கிள் ரிக்ஷா, குறுக்கே வந்தது. இரண்டு காலையும் ஊன்றி, இருக்கையைவிட்டு எழுந்தே மிதித்தேன். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. டிரைஷாவில் உட்கார்ந்திருந்த சீனப் பெண்மணி மடியில் குழந்தை வைத்திருந்தார். டிரைஷாக்காரர் மலாயிலும் சீனத்திலும் மாற்றி மாற்றித் திட்டினார்.

"போதும் அண்ணி, விட்டுடுங்க லா. வாங்குறதுக்கு ஆள் இருக்கு. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார் கொழுந்தனார். தலையாட்டினேன்.

மறுநாள் வார்டில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அழுகை வந்துவிட்டது. "ஏங்க, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு ஓட்ட வரலை. பிரேக்கு கல்லு மாதிரி இருக்கு. என் காலுக்குப் பலமில்லை. நாளைக்கு வண்டியைக் குடுத்துடறேன்" என்றேன்.

அவர் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "கல்லு மாதிரின்னா? மிதிக்க மிதிக்க எதிர்த்து நிக்குதா?"

"ஆமாங்க."

குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "இங்க வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாலேர்ந்து எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நோவு காலுக்கு இறங்கிடுச்சுன்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவேன்னு சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான் வண்டியை விற்கச் சொன்னாரா?

அப்போதுதான் அவருக்கு அந்த டப்பா ஞாபகம் வந்தது. பிரேக்குக்குத் துணையாக அந்தத் துரை தனியாக வாங்கி மாட்டியிருந்த பூஸ்டர். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற விசையை வைத்து, நம் காலோடு சேர்ந்து பிரேக்கை அழுத்திக் கொடுக்கும் வட்டத் தகர டப்பா. அந்த நாளில் அது எல்லா வண்டியிலும் இருக்காது. நானாவும் அதைத் திறந்து பார்க்கவில்லை. "கீழே போ. இன்ஜினை நிறுத்திட்டு நாலஞ்சு தடவை பிரேக்கை மிதி. அப்புறம் மிதிச்ச காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணு. பூஸ்டர் நல்லா இருந்தா பிரேக்கு தானா கொஞ்சம் கீழே இறங்கும். இறங்குனா கையைத் தூக்கு. இறங்கலேன்னா கையை ஆட்டு" என்றார்.

ஓடினேன். அவர் சொன்னபடியே செய்தேன். இன்ஜின் உறுமியது. பிரேக் இம்மியும் அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். எங்கோ உஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம் கேட்டது. மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் திணறியது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். மேலே பார்த்தால், அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் நின்ற நோயாளிகளிடம் தன் காலைத் தட்டிக்காட்டி என்னவோ சொல்கிறார். பிரேக் கெட்டுப்போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஏழு மாதம் கழித்து அன்றுதான் அவர் சிரித்தார். என் பிள்ளைகள் காரணம் தெரியாமலே கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நானாவிடம் போனேன். அவர் டப்பாவுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, இன்ஜினை ஓடவிட்டு, என் கட்டைவிரலை அதன் வாயில் வைக்கச் சொன்னார். சுருக்கென்று உறிஞ்சியது. குழாயில் குறையில்லை. டப்பாவைப் பிரித்தபோது உள்ளே இருந்த ரப்பர்ச் சவ்வு பழைய அப்பளம்போல் வெடித்துக் கிழிந்திருந்தது. "தப்பு என்மேலதான் தங்கச்சி. உங்க காலைச் சொல்லிட்டேன்" என்றார். கொழுந்தனார் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் மூன்று நாள் அலைந்து, உடைத்த வண்டியில் இருந்த நல்ல பூஸ்டர் ஒன்றைப் பிடித்து வந்தார். மாட்டிய பிறகு பிரேக் எண்ணெய்க் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொடுக்க வேண்டும். நான்தான் மிதித்தேன். கடைசியில் ஸ்டார்ட் செய்ததும், என் காலுக்கடியில் பிரேக் மெல்ல இறங்கியது. தலையணைமேல் உட்கார்ந்தபடியே விம்மிவிட்டேன்.

அடுத்த டெஸ்டில் பாஸ். மூன்று மாதம் கழித்து அவரை அழைத்துவர நானே ஓட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவர் நேராக ஓட்டுகிறவர் பக்கம் வந்து என்னை இறங்கச் சொன்னார். தலையணையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தன் பள்ளத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பிரேக்கை அழுத்திப் பார்த்தார். பிறகு இறங்கி, "நீ ஓட்டு" என்று பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். உடம்புக்கு என்றாலும் மனசுக்கு என்றாலும் ஒருவர் மற்றவரிடம் மறைப்பதில்லை என்று. பல வருஷம் கழித்து அவருக்கு உண்மையாகவே கால் தளர்ந்தபோது, டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம்தான் சொன்னார். இப்போது என் முழங்கால் படியேற மறுக்கிறது. கேட்க அவர் இல்லை. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் அவர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிறேன்.