லிண்டெலின் வலது தாடை

லிண்டெல் பிராட்னாக்ஸ் காலையில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பதற்கு முன்னால் விரலால் பார்ப்பார். காதடியில் தொடங்கித் தாடை விளிம்பு வழியாக, முடி வளரும் திசைக்கு எதிராக நடுவிரல் மெல்ல நகரும். ஏதாவது ஒரு மேட்டில் நிற்கும். தையல் ஊசியை லைட்டர் சுடரில் காட்டி, தோலுக்குள் சுருண்டு திரும்பிய முடியைத் தோண்டுவார். நுனியை விடுவித்தால் போதும். அவரோ வேரோடு பிடுங்கிவிடுவார். பக்கத்துக் குழாயில் பல் துலக்குகிற சாக்கில் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மிசிசிப்பிக் கரையில் எங்கள் தீயணைப்பு நிலையம். பதினெட்டு வருடமாக ஏணி வண்டியில் அவர்தான் முதல் ஆள். நான் சேர்ந்து இரண்டு வருடம்; ஓய்வு நேரத்தில் கவிதைப் புத்தகமும் கையுமாக இருப்பவன். எங்கள் கறுப்பின ஆட்களுக்குச் சுருட்டை முடி. ஒட்ட மழித்தால் வெட்டுப்பட்ட நுனி வளைந்து சொந்தத் தோலையே குத்தும். ஆனால் காற்று முகமூடி முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், தாடி கூடாது. தினமும் காலையில் கேப்டன் ஓடம்ஸ் ஒரு கெட்டி அட்டைச் சீட்டின் விளிம்பை ஒவ்வொருவர் தாடையிலும் இழுப்பார். சரசரவென்று கேட்டால் முடி மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்; மறுபடி குளியலறைக்குப் போக வேண்டியதுதான்.

அக்டோபரில் லிண்டெலின் வலது தாடைக்கடியில் ஒரு கட்டி கிளம்பியது.

சனிக்கிழமை முடிவெட்டும் கடையில் கடைக்காரி வெர்னிட்டா அவர் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னய்யா இது, தாடையா கடலை மிட்டாயா?”

கடையே சிரித்தது.

“சிரிக்காதீங்கடா. லிண்டெல், ஊசியத் தூக்கி எறி. ஒரு மாசம் பிளேடே படக்கூடாது. அப்புறமும் வெந்நீர்த் துணிய ஒத்தி எடுத்து, ஒத்த பிளேடால முடி போற போக்குல ஒரே இழுப்பு. தோல இழுத்துப் புடிக்காத.”

“ஒரு மாசம் தாடி விட்டா மேசையில போன் எடுக்க ஒக்கார வெச்சிருவாங்க.”

“ஒரு மாசம் போன்தான் எடேன்.”

“மேசைக்குப் போனவன் எவனாச்சும் வண்டிக்குத் திரும்பி வந்திருக்கானா? சொல்லு.”

 வெர்னிட்டா மெஷினைப் போட்டு அவர் பிடரியில் வேலையைத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை அவர் தோலை இழுத்துப் பிடித்து, எதிர்த்திசையில் இரண்டு முறை மழித்தார். சீட்டு சத்தமில்லாமல் வழுக்கிச் சென்றது.

“வெண்ணெய் மாதிரிடா! எல்லாரும் பாத்துக்கங்க” என்றார் கேப்டன்.

புதன்கிழமை கட்டி மொச்சைக்கொட்டை அளவு. பளபளவென்று சிவந்திருந்தது. முகமூடியைப் போட்டுப் பார்த்தபோது அவர் கண்களை இறுக்கி மூடியதைக் கவனித்தேன்.

“அண்ணே, டாக்டர்ட்ட ஒருவாட்டி...”

“நீ கவிதைய படி தம்பி. என் மூஞ்சியப் படிக்காத.”

கேப்டனிடம் சொல்லலாமென்று இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

வியாழன் மதியம் ஒரு மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது. மாடிப்படியில் லிண்டெல் எனக்கு முன்னால் ஏறினார். ஏறும்போதே கை தாடைக்குப் போய் முகமூடியை அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். என் சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருந்தபோது காற்று தீரப்போகிறதென்று அவருடைய சிலிண்டரின் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது.

“நீ எறங்கு. வந்துட்டே இருக்கேன்” என்றார்.

இறங்கினேன். அவர் வரவில்லை. முகமூடி இல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தூக்கி வந்தோம். உயிர் பிழைத்தார். ஆனால் தொண்டை வெந்துபோயிருந்தது. வண்டியில் அவர் மறுபடி ஏறவில்லை.

டிசம்பரில்தான் விசாரணை முடிவு எங்களுக்குத் தெரிந்தது. முகமூடியின் ரப்பர் விளிம்பு கட்டியின்மேல் ஏறி, பக்கத்தில் இடைவெளி விட்டிருக்கிறது. காற்று முழுக்க அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு முடிகூட இல்லை.