‘என்று’ வரும் இடம்

ஈரோட்டில் வரலாறு எம்.ஏ. முடித்த கையோடு கல்யாணமாகி ஈஸ்ட் பிரன்ஸ்விக் வந்து சேர்ந்தவள் தனபாக்கியம். கணவர் குமாரசாமிக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. 1992-இல் கிரீன் கார்டு வந்ததும், ஹான் அம்மாள் என்ற கொரியப் பெண்மணியின் டிரை கிளீனிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

சட்டைகளை மாட்டிக்கொண்டே அவரிடம் கொரிய மொழி பேசப் பழகினாள். வினைச்சொல் கடைசியில் வந்தது. அடுத்தவர் சொன்னதைச் சொல்லிவிட்டு, முடிவில் நம் ‘என்று’ போல ஒரு சொல்லைச் சேர்த்தார்கள்.

“ஏனுங்க, நம்ம பேச்சாட்டவே இருக்குதுங்க!” என்று குமாரசாமியிடம் அதிசயப்பட்டாள்.

அந்த அதிசயம் அவளைச் சும்மா விடவில்லை. எழுத்தைப் படித்தாள், பழைய கொரிய நூல்களெல்லாம் எழுதப்பட்டிருந்த சீன எழுத்தையும் பிடித்துக்கொண்டாள், 1995-இல் பல்கலைக்கழகத்தில் பார்ட் டைமாகப் பழைய கொரிய பௌத்தத்தில் இன்னொரு எம்.ஏ. படிக்கச் சேர்ந்தாள்.

புத்தரின் தர்மம் தேய்ந்து மறையும் காலத்தில் பிறந்துவிட்டோம் என்ற கலக்கம் எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கொரியாவில் பலருக்கு இருந்தது. இனி வரப்போகும் புத்தருக்காகக் கடலோரச் சேற்றில் வாசனைக் கட்டைகளைப் புதைத்தவர்கள் உண்டு. அமிதாப புத்தரின் பெயரை ஜபித்தால் போதுமென்று அதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. தலைநகரின் பேரும் புகழும் வேண்டாமென்று மலையேறித் தியானத்தில் உட்கார்ந்தவர்களும் உண்டு.

அப்படி மலையேறிய துறவி ஒருவரின் நூலை அவளுடைய பேராசிரியர் வார்ட் இருபது வருஷத்துக்கு முன்பே மொழிபெயர்த்திருந்தார். ‘இந்தக் கெட்ட காலத்தில் தியானம் பலிக்காது’ என்று அந்தத் துறவியே கடைசியில் கைவிட்டுவிட்டார் என்பது வார்டின் முடிவு.

தனபாக்கியத்துக்கு அது ஒப்பவில்லை. கைவிட்டவர் எதற்கு மலையிலேயே கிடந்தார்? மூலத்தின் மைக்ரோஃபிலிமை வரவழைத்தாள். சீன எழுத்தில் மேற்கோள் குறி கிடையாது. ஆனால் பிற்காலக் கொரியர் யாரோ வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் கொரிய இடைச்சொற்களைக் குறித்துவைத்திருந்தார். ‘தியானம் பலிக்காது’ என்பதை அடுத்து, பொடியாக, ‘என்று’!

அது துறவியின் பேச்சே அல்ல. ஊரார் பேச்சு. அவருடைய பதில் அடுத்த வரியில்தான் தொடங்கியது: காலம் கெட்டதென்றால் கூடுதலாக உழைக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது.

குமாரசாமி பயந்துபோனார். “புரொஃபசர் புஸ்தகத்தையே தப்புங்கறயா? டிகிரி வேண்டாமா?”

“நான் எங்கீங்க சொன்னேன்? அந்தச் சாமியாரே சொல்றாருங்க.”

1998 மே மாதம், ஆய்வேட்டுத் தேர்வு. அந்தப் பக்கத்தின் நகலை வார்ட் முன் வைத்து, பொடி எழுத்தின்மேல் விரலை ஊன்றினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று தடவை படித்தார். 

“இது எப்படி உன் கண்ணில் பட்டது?”

“எங்கள் தமிழிலும் அடுத்தவர் பேச்சு முடியும் இடத்தில்தான் இந்தச் சொல் வரும்.”

வார்ட் வாய்விட்டுச் சிரித்தார். “இருபது வருஷமாக எதிராளியின் பேச்சைத் துறவியின் வாயில் திணித்துவைத்திருக்கிறேன். புத்தகத்தைத் திருத்துகிறேன், உன் பெயரைப் போட்டு.” எழுந்து நின்று கை கொடுத்தார்.

மறுவருஷம் பாஸ்டன் கருத்தரங்கில் அவள் பேசி முடித்ததும், கொரியாவிலிருந்து வந்திருந்த பிக்குணி ஒருவர் முதல் வரிசையிலிருந்து எழுந்து குனிந்து வணங்கினார். அரங்கமே கைதட்டியது. வெளியே வந்த தனபாக்கியம் போன் பூத்தைத் தேடி ஓடினாள்.

“ஏனுங்க, சாதிச்சுப்போட்டேனுங்க!”