பெயரை மட்டும் கொடுத்தவர்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடுதான் ஜியென் தியென்-லாய் அன்று வட்டார அலுவலகத்தின் சமரசக் குழு அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

தியென்-லாய் குழாய் வேலைக்கு அரசு உரிமம் பெற்றவர். ஏணியிலிருந்து விழுந்து வலது தோள் இறங்கியபின் வேலைக்குப் போவதை விட்டுவிட்டார். அவருடைய குழாய்க்கடை, மகள் பெய்-ருவின் கணவன் குவோ-தூங்கின் கைக்குப் போயிற்று. அவன் உரிமப் பரீட்சையை எத்தனையோ முறை எழுதியும் தேறவில்லை. உரிமம் உள்ள ஒருவரின் பெயர் இல்லாமல் கடையை நடத்த முடியாது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மாமா. சுவத்துல உங்க உரிமம் தொங்கினா போதும். கையெழுத்துக்கு மட்டும் நான் வீட்டுக்கு வர்றேன்" என்றான். மனைவி போய்ச் சேர்ந்து, தனியாகக் கிடந்த மனிதருக்கு, தன்னால் மகள் குடும்பத்துக்கு இன்னும் ஓர் உபயோகம் இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார்.

அப்படிப் போட்ட கையெழுத்துகளில் ஒன்றுதான் அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த யூ சை-யுன் மலைச்சரிவில் இருக்கும் இரண்டு மாடி வீட்டின் சொந்தக்காரி. மாடியை வாடகைக்கு விடலாமென்று அங்கே புதிதாகக் குளியலறை கட்டினாள். குழாய் வேலை குவோ-தூங்குடையது. கொஞ்ச நாளிலேயே கீழே சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அவன் இரண்டு தடவை வந்து எதையோ பூசிவிட்டுப் போனான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அந்த ஈரத் தரையில் வழுக்கி விழுந்து அவள் கணவன் இடுப்பை ஒடித்துக்கொண்டான்.

நடுவில் உட்கார்ந்திருந்த லான் அம்மாள் முன்பு வட்டாரத் தலைவியாக இருந்தவர். "சொல்லுங்க மேஸ்திரி, உங்க பதில் என்ன?" என்றார்.

"பழைய வீடும்மா. மலையை ஒட்டின சுவரு. மழைத்தண்ணிதான் இறங்குது." மருமகன் சொல்லிக் கொடுத்தனுப்பியது அவ்வளவுதான்.

"ஏன் மேஸ்திரி, மழைத்தண்ணி வெதுவெதுன்னு இருக்குமா?" என்று கேட்டாள் சை-யுன்.

வெந்நீர்க் குழாயில்தான் கோளாறு என்று அந்த ஒரு கேள்வியிலேயே தியென்-லாய்க்கு விளங்கிவிட்டது.

"சரி, அது போகட்டும். எங்க வீட்டு மாடிப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க, பாப்போம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அடப்பாவி மனுஷா, வீட்டுக்குப் போய்ப் பாக்காமலேயா கையெழுத்துப் போட்டீரு?" என்று லான் அம்மாள் சத்தம் போட்டார். வேறொரு ஆளை வைத்துச் சரிசெய்யட்டும், செலவைக் கடை ஏற்கட்டும் என்று வழி சொன்னார்.

"எனக்கு வேற ஆளும் வேணாம், பணமும் வேணாம். யார் பேர் போட்டிருக்கோ அவரே வந்து செய்யட்டும். அவர் கையால" என்றாள் சை-யுன்.

"அவருக்குத் தோள் சரியில்லைம்மா" என்றார் லான் அம்மாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு சரியில்ல."

தியென்-லாய் சம்மதித்தார்.

மறுநாள் காலை மழைக்கோட்டு சொட்டச் சொட்ட, கருவிப் பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். சை-யுன் குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. உளி பிடித்துச் சுவரில் பதித்த ஓடுகளைப் பெயர்ப்பது ஒரு காலத்தில் அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. இப்போது நாலு அடி அடித்ததுமே தோள் நெருப்பாய் எரிந்தது.

கீழே படுக்கையில் கிடந்த அவள் கணவன் ஆ-சாய் முன்னாள் கப்பல் சமையல்காரன். இடுப்புதான் போயிற்று, வாய் போகவில்லை. "மேல யாரு? எலியா, மேஸ்திரியா?" என்று கத்தினான்.

"மேஸ்திரிதாங்க!"

"அதானே! எலியா இருந்தா இந்நேரம் முடிச்சிருக்குமே!"

தியென்-லாயால் சிரிக்க முடியவில்லை. இப்படிப்பட்ட மனிதனையா படுக்க வைத்துவிட்டோம் என்று நினைத்தபடி உளியை மறுபடி எடுத்தார்.

மத்தியானத்துக்குமேல் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் தெரிந்தது. இரண்டு குழாய் சேரும் இடத்தை இயந்திரத்தால் அழுத்தி இறுக்க வேண்டும். அங்கே அழுத்திய தடமே இல்லை. இரண்டு விரலால் இழுத்தார். பாட்டிலிலிருந்து மூடி வருவதுபோல் கழன்று வந்தது.

"என்ன மேஸ்திரி, சத்தத்தைக் காணோம்? உயிரோட இருக்கீங்களா?" என்று கீழேயிருந்து ஆ-சாய் கேட்டான்.

தியென்-லாய் சை-யுன்னிடம் அந்த இணைப்பைக் காட்டினார். "இறுக்கவே இல்லம்மா. சும்மா சொருகி, மேல சிமெண்டைப் பூசியிருக்கு. செஞ்சவன் என் மருமகன். பாக்காம கையெழுத்துப் போட்டவன் நான்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? கீழ கிடக்கிறவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். ஆ-சாய் அந்த இணைப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதாவது கேலி பேசுவான், திட்டவாவது செய்வான் என்று எதிர்பார்த்து நின்றார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "முடிச்சுட்டுப் போங்க மேஸ்திரி" என்றான், அவ்வளவுதான். அதற்குப்பின் வேலை முடியும்வரை கீழேயிருந்து ஒரு குரலும் வரவில்லை.

குழாயில் அழுத்தம் ஏற்றிச் சோதித்து, கூரை காய்ந்ததைப் பார்த்த பிறகே ஓடு பதித்தார். சமரசக் குழு அறையில் இருவரும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். உரிமத்தின் மேல் புகார் கொடுக்கப் போவதில்லை என்றாள் சை-யுன். தியென்-லாய் எழுந்து குனிந்து வணங்கினார்.

"தண்ணி நின்னுடுச்சு. நின்னது அது மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அங்கிருந்து நேரே கடைக்குப் போன தியென்-லாய், நாற்காலி மேல் ஏறி உரிமத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். குவோ-தூங்குக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, வேலையெல்லாம் பாதியில நிக்குது! என்ன பண்றீங்க?"

"பரீட்சை எழுதித் தேறு. அப்புறம் உன் பேர்ல செய்."

தெருவில் மழையோடு மழையாய் மகள் பின்னாலேயே ஓடி வந்தாள். "அதான் சரிபண்ணியாச்சே! அந்தம்மாவே புகார் இல்லைன்னுட்டாங்க. பெத்த அப்பா நீங்களே எங்க சோத்துல மண்ணைப் போடுறீங்களே!"

"ஒரு மனுஷன் எந்திரிக்க முடியாமக் கிடக்கான் பெய்-ரு. என் கண்ணு பாக்காத வேலைக்கு இனி என் பேரு இல்ல."

"அம்மா இருந்திருந்தா இப்படிச் செய்வீங்களா?"

அவர் உரிமத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். அவள் கடைக்குத் திரும்பிப் போவதைப் பார்த்தபடி நின்றார்.

கடை மூடப்பட்டது. குவோ-தூங் இன்னொருவரிடம் கூலிக்குப் போனான். ஆ-சாய் எழுந்து நடக்கவே இல்லை என்று லான் அம்மாள் ஒருநாள் சந்தையில் சொன்னார்.

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வரும் நாள். தியென்-லாய் மீனைப் பொரித்து, கோழியை அவித்து, மூன்று கிண்ணம் எடுத்து வைத்தார். மத்தியானம் போன் அடித்தது.

"அப்பா, நான்தான். அவருக்குத் தெரியாமப் பேசறேன். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"தோள் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை."

"சரிப்பா, வைக்கிறேன்" என்றாள். தியென்-லாய் மீனை மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு, கோழிச் சாற்றை மட்டும் ஒரு கிண்ணத்தில் ஊற்றி நின்றபடியே குடித்தார்.