இலவசம் என்று நான் வாசித்த சொல்

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பது. அக்காவின் ஊரான லாபிஸில், அவருடைய புதுக் கைப்பேசியில் நான் முதலில் பார்த்தது ஒரே வரி: 'இந்தச் செயலி இப்போது கிடைக்காது.' அதன் கீழே, செயலிக் கடையின் சேவையை மதிப்பிடச் சொல்லி ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

சர்க்கரை நோயில் அக்காவுக்குப் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. இருந்தும் மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத் திருப்பலியில் முதல் வேத வாசகத்தை வாசிப்பது அவர்தான். செயலி அவர் காதில் ஒரு வரி படித்து நிற்கும். அவர் அதை உரக்கச் சொல்லிவிட்டுத் தட்டினால் அடுத்த வரி. பழைய கைப்பேசி துணி ஊறிய வாளிக்குள் விழுந்து போய்விட்டது. அவருடைய முறை நாளை மறுநாள்.

"என்னடா, வந்துருச்சா?"

"கடையில இல்லக்கா."

"இலவசம்னுதானே சொன்ன? அதுக்குமா ஸ்டாக் முடிஞ்சிரும்?"

செயலியைச் செய்தவர் நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையில் கணினிப் பிரிவில் இருந்த நண்பர். இப்போது சிங்கப்பூரில் வேலை. அழைத்தபோது பேருந்தில் நின்றுகொண்டிருந்தார்.

"நேத்துதான் தூக்கிட்டாங்கண்ணே. வாசிக்கிற அந்தக் குரலோட நிரல் நான் எழுதுனது இல்லலா. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் எழுதி எல்லாருக்கும் விட்டது. அவருதான் கம்ப்ளேன் பண்ணிட்டாரு."

"எல்லாருக்கும் விட்டுட்டு அப்புறம் என்ன கம்ப்ளேன்?"

விளக்கினார். அந்த நிரலை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் கொடுப்பவர், பெறுபவரின் கையைக் கட்டக் கூடாது. கடையின் விதியோ, பெற்றவர் தன் கருவியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நகல் தரக் கூடாது என்கிறது. இரண்டும் ஒரே செயலியில் இருக்க முடியாது. அக்காவின் கைப்பேசி அந்தக் கடையைத் தவிர வேறெங்கிருந்தும் எதையும் ஏற்காது.

"வேற குரல் போட மாசக்கணக்காவும்ண்ணே."

"உரிமத்தப் படிக்காமயா போட்ட?"

"நீங்கதானே படிச்சீங்க."

உண்மைதான். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு காப்பிக்கடையில் உரிமத்தை என் முன்னால் வைத்து, "உங்க இங்கிலீஷ்தான் இங்கிலீஷ்" என்றார். ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில் 'ஃப்ரீ' என்ற சொல் கண்ணில் பட்டது. "பெர்ச்சுமாதான், போடு" என்றேன். மலாயில் பெர்ச்சுமா என்றால் இலவசம்; வீண் என்றும் பொருள் உண்டு. செயலியின் அறிமுகப் பக்கத்தில் 'இலவச மென்பொருள்' என்று தமிழில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். கட்டற்ற மென்பொருள் என்று எழுதியிருக்க வேண்டும். விலையைச் சொல்லவில்லை, சுதந்திரத்தைச் சொல்கிறோம் என்று உரிமத்தில் சற்றுக் கீழேயே விளக்கியிருந்தார்கள். அடுத்தவர் செய்தியில் பிழை பிடித்து முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

நண்பர் தனக்கு வந்த இரண்டு கடிதங்களையும் எனக்கு அனுப்பினார். கடையின் கடிதம் 'உங்கள் பங்களிப்பை மதிக்கிறோம்' என்று தொடங்கியது. கீழே யார் பெயரும் இல்லை. புகார் செய்தவரின் கடிதத்தில் 'பயனரின் சுதந்திரம்' நான்கு முறை வந்தது. அந்தப் பயனர் என் எதிரே உட்கார்ந்து இயர்போனைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். என் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் வாசிச்சுப் பதிவு பண்ணித் தரேன்க்கா."

"நீயா? ரேடியோ செய்தி மாதிரி வாசிப்ப. எங்கயோ லாரி கவுந்துருச்சுன்னு சர்ச்சே பயந்துரும்."

ஆனாலும் பதிவு செய்து கொடுத்தேன். சனிக்கிழமை மூன்று முறை முயன்றார். என் குரல் நிற்காமல் ஓடியது. நிறுத்தத் தட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. மூன்றாவது முறை பாதியில் இயர்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வாசகத்தை ஓர் ஆசிரியை வாசித்தார். அக்கா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.