சத்தம் போடாத கம்ப்ரஸர்

மயிலாப்பூரில் நாங்கள் கீழ்ப்பகுதியில் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் ஷெட் இருந்தது. எங்களிடம் கார் இல்லை. அதனால் அங்கே நான் பழைய இரும்பு பீரோக்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலை ஆரம்பித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. புது பீரோ வாங்க யோசிக்கிற குடும்பங்கள் தி.நகர் வரைக்கும் நிறைய இருந்தன. துருவைத் தேய்த்து ஸ்ப்ரே கன்னில் அடித்துக் கொடுத்தால், அதையே கல்யாணச் சீராக அனுப்பிவிடுவார்கள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு தங்கள் பீரோவோடு வந்து நின்றார்கள்.

ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று வேண்டும். கோடம்பாக்கத்தில் ஒரு பட்டறைக்காரர் கழித்துக்கட்டிய கம்ப்ரஸரை வாங்கி வைத்திருந்தேன். சின்ன மெஷின்தான், ஆனால் போட்டால் தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். மாடியில் இருந்த வீட்டுக்கார மாமியோ வயலின் சொல்லிக்கொடுப்பவர். காலையிலும் சாயங்காலமும் வகுப்பு. நடுவில் கிடைக்கிற மதிய நேரத்தில்தான் நான் பெயின்ட் அடிக்கலாம், அப்போது பார்த்துக் கரன்ட் போய்விடும். ஒரு நாள் ஆத்திரத்தில் வகுப்பு நேரத்திலேயே மெஷினைப் போட்டுவிட்டேன். மாமி இறங்கி வந்தார்.

“பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பறமும் இந்தச் சனியன் கத்தித்துன்னா ஷெட்டைக் காலி பண்ணிடுங்கோ.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் ஷெட் போனால் தொழிலும் போச்சு. வேறு இடத்துக்கு வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாத கம்ப்ரஸர் தேடி மவுண்ட் ரோடு பக்கம் கிளம்பினேன்.

கடைக்குக் கடை போட்டுக் காட்டினார்கள். எல்லாமே பரம சாதுவாக ஓடின. “சத்தமா? பக்கத்துல படுத்துத் தூங்கலாம்மா,” என்றார் ஒருவர். ஒரு சின்ன மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கைப்பையைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே சிக்னல் விழுந்து, ரோடு கொஞ்சம் காலியானது. அப்போதுதான் அந்தச் சாது போட்ட கூச்சல் காதில் விழுந்தது. பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்கிற இடத்தில் நின்று கேட்டால் எந்த மெஷின்தான் சத்தம் போடும்? பையை மூடிவிட்டேன்.

அதன் பிறகு எல்லாக் கடையிலும் ஒரே பேச்சுதான். “மெஷினை என் வீட்டுக்குக் கொண்டு வாங்க. மாடியில வயலின் கிளாஸ் நடக்கும்போது போடுங்க. கிளாஸ் நிக்கலேன்னா வாங்கிக்கிறேன். நின்னா எடுத்துட்டுப் போயிடுங்க.” சிரித்தார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். கடைசியில் ஒருவர் மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

“இன்னாமா நீ, பொண்ணு பாக்கற மாதிரி ஊட்டுக்கு இட்டாரச் சொல்றே. சரி, எது வேணும்?”

சின்ன ஷெட்டுக்குச் சின்ன மெஷின் என்றுதான் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அவசர அவசரமாகச் சுற்றிக் கத்தியது. மூலையில் பெரிய சக்கரமும் பெல்ட்டும் வைத்த ஒன்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன்.

“அது ஒர்க்‌ஷாப்புக்குமா.”

“என் ஷெட்டும் ஒர்க்‌ஷாப்புதான்,” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் அது மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. ஷெட்டில் பாதியை அடைத்துக்கொண்டது. அடியில் பழைய டயரை வெட்டிப் போட்டேன். மாடியில் பிள்ளைகள் வர்ணம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே வந்த கம்ப்ரஸர் கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டு, ஷெட் கதவைச் சாத்திவிட்டு வந்தார். தணிவாக ஒரு உறுமல், அவ்வளவுதான். கொல்லையில் நின்று மாடி ஜன்னலையே பார்த்தேன். வர்ணம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

வயலின் நின்றது.

ஜன்னலில் மாமியின் தலை தெரிந்தது.

“மோட்டாரை நிறுத்துங்கோ, டேங்க் வழியப் போறது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிணற்று மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துவிட்டார். மெட்ராஸில் எந்தச் சத்தத்துக்கும் சண்டைக்கு வருவார்கள். டேங்கில் தண்ணீர் ஏறுகிற சத்தத்துக்கு மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

“மாமி, அது தண்ணி மோட்டார் இல்ல. புது கம்ப்ரஸர்.”

மாமி நம்பவில்லை. நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். போடச் சொன்னார், போட்டோம். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இதுதானா? இதுக்கென்ன, சாயங்காலமும் ஓட்டிக்கோங்கோ,” என்று உள்ளே போய்விட்டார். மறுபடியும் வயலின் கேட்டது.

ஜெயித்துவிட்டேன். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“கிளாஸ் நின்னுபோச்சேமா,” என்றார் கடைக்காரர் சிரித்துக்கொண்டே. “நீ சொன்ன மாதிரி பாத்தா நான் இத்த எட்த்துக்கினு போணும்.”

“கை வச்சுப் பாருங்க,” என்றேன்.

அன்றைக்கு, மாடியில் வகுப்பு முடிவதற்குள், ஒரு முழு பீரோவுக்கும் பச்சை அடித்து முடித்தேன்.