ஜெயந்திக்கா தள்ளி வெச்ச கோடு

ஜெயந்திக்கா இன்னைக்கு காலைல போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்காம்... பொங்கலூர்ல அவங்க ஊட்டுலயே.

பழைய கம்பெனி குரூப்ல மெசேஜ் பார்த்தேன். அழுகை வரல.

பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி லேப்ல எங்களுக்கு பக்கத்து பக்கத்து சீட். துணியைத் துவைச்சு எவ்வளவு சுருங்குதுன்னு அவங்க அளப்பாங்க. அந்த அளவை நான் பேய்சியன் நெட்வொர்க்னு சான்ஸ் கணக்கு போடற சாஃப்ட்வேர்ல போட்டு, எந்த லாட் சரக்கு பையர்கிட்ட இருந்து திரும்பி வர சான்ஸ் இருக்குன்னு பார்ப்பேன்.

அதுல சுருக்கத்தை வெறும் நம்பரா விட முடியாது. இது வரைக்கும் 'கம்மி', இதுக்கு மேல 'அதிகம்'னு கோடு போட்டுப் பிரிக்கணும். முதல்ல சாஃப்ட்வேரையே விட்டேன், அது ரொம்பக் கம்மிக்கும் ரொம்ப அதிகத்துக்கும் சரியா நடுவுல கோட்டைப் போட்டுச்சு... முக்கால்வாசி லாட் ஒரே பக்கம் போய் விழுந்துச்சு.

ஜெயந்திக்காதான் பையர் அனுப்புன கம்ப்ளெயின்ட் மெயிலை எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு வந்தாங்க. மத்தியானம் சாப்பிடாம உக்காந்து பார்த்தோம். "அஞ்சு பெர்சென்ட் தாண்டுனாத்தான் சண்டையே வருது மஞ்சு. அங்க போடு கோட்டை"ன்னாங்க. போட்டேன்.

அப்புறம் அவங்க தக்காளி சாதத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டுத் தின்னோம்.

அடுத்து ஒரு குழந்தைங்க துணி ஆர்டர். ஷிப்மென்ட் நாள் நெருங்குது, பாதி லாட் 'அதிகம்'ல நிக்குது. "அஞ்சுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் துணிக்குத் தெரியுமா? கோட்டைக் கொஞ்சம் தள்ளி வையேன்"னாங்க.

"வேண்டாங்க்கா"ன்னேன். சரின்னு சிரிச்சாங்க.

மறுநாள் லிஸ்ட்ல எல்லாமே 'கம்மி'. துணியை மறுபடி மெஷின்ல ஓட்டிச் சரி பண்ணிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். ஃபைலைத் திறந்து பார்க்கல... அவங்க மேல அவ்வளவு நம்பிக்கை.

சரக்கு திரும்பி வந்துச்சு. மீட்டிங்ல ஃபைலைத் திறந்தா கோடு ஆறரைல நிக்குது. பாஸ்வேர்டு எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.

"இதை யார் வெச்சது?"ன்னு எம்.டி. கேட்டார்.

ஜெயந்திக்கா என்னைப் பார்க்கவே இல்ல. "சாஃப்ட்வேர் எல்லாம் மஞ்சுதானுங்க பார்க்கறாங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க."

நான் மாத்தலைன்னு சொன்னது எடுபடல. அந்த வாரமே என் வேலை போச்சு.

போன வருஷம் காதர்பேட்டை கடைவீதில எதிர்ல வந்தாங்க. கையைப் புடிச்சு நல்லா இருக்கியான்னாங்க. "ஏங்க்கா அப்படி பண்ணுனீங்க?"ன்னு கேட்டேன்.

"அதை எதுக்கு இப்ப பேசிட்டு... உன் பாப்பா எத்தனாவது படிக்கறா?"

அவ்வளவுதான்.

குரூப்ல எல்லாரும் தங்கமான மனுஷின்னு போட்டுட்டு இருக்காங்க. நானும் ரெண்டு வரி டைப் பண்ணி அழிச்சுட்டேன்.

சாயங்காலம் எடுக்கறாங்களாம்.

நான் வரலீங்க்கா... நல்லபடியா போங்க.